காஸ்ப்ளே கவசத்தில் கண்ணாடிப் பளபளப்பு: பட்டி முதல் பாலிஷ் வரை

காஸ்ப்ளேக்காக, அதாவது கதாபாத்திர வேடத்துக்காக, செய்யும் கவசம் பளபளவென்று மின்ன வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்த கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) நல்லது என்றுதான். இரண்டு கை (இரண்டு பூச்சு) அடித்த கார் கிளியரின் தடிமன், காய்ந்த பிறகு ஏறக்குறைய 50, 60 மைக்ரான். 3டி பிரின்டரில் 0.2 மி.மீ. லேயராகப் பிரின்ட் செய்த ஹெல்மெட்டின் உச்சிச் சரிவில் ஒவ்வொரு படியும் 200 மைக்ரான் உயரம். கிளியர் அந்தப் படிகளை நிரப்பாது. அவற்றின் மேலேயே ஏறி இறங்கிப் படியும். பளபளப்பில்லாத மேட் (matte) பரப்பாக இருந்தபோது கண்ணில் படாத வரிகளைக்கூட வெளிச்சம் போட்டுக் காட்டும். எனவே உழைப்பின் பெரும்பகுதியைப் பள்ளம் நிரப்பும் பட்டிக்கும் உப்புத்தாளுக்கும் ஒதுக்குங்கள். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும்போது முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

சோதிக்க டியூப் லைட் ஒன்று போதும். கவசத்தை அதன் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்து, பரப்பில் ஓடும் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பத்தின் விளிம்பு கோடாக ஓடினால் பரப்பு சரி. நெளிந்தால் அந்த இடத்தில் மேடோ பள்ளமோ இருக்கிறது. விளிம்பு பொடிப்பொடியாக உடைந்து தெரிந்தால் சொரசொரப்பு மிச்சம். பிரைமர் நிலையில் பரப்பு பளபளப்பில்லாமல் இருக்கும், பிம்பம் விழாது. அப்போது தண்ணீரால் நனைத்துவிட்டுப் பாருங்கள்; ஈரம் காயும்வரை கிளியர் அடித்தது போலவே காட்டும்.

எந்தப் பொருளில் செய்த கவசம்?

வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட்டை வேக்குவம் ஃபார்மிங் (சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சவைப்பது) செய்த கவசமாக இருந்தால் பெயின்ட்டே அடிக்காதீர்கள். ஷீட்டுக்கு இயல்பிலேயே மினுமினுப்பு உண்டு. வெட்டிய விளிம்புகளை 400, 800, 1500 நம்பர் உப்புத்தாள்களால் (நம்பர் கூடக் கூட மணல் பொடியாகும்) வரிசையாகத் தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் துடைத்தால் போதும். கீறல் விழுந்தாலும் உள்ளேயும் அதே வெள்ளைதான், மறுபடி பாலிஷ் போட்டுக்கொள்ளலாம். இந்த வசதி பெயின்ட் அடித்த கவசத்துக்குக் கிடையாது.

ஃபைபர் கிளாஸ் கவசத்தில் இரண்டு தொல்லைகள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய மெழுகு மேலே ஒட்டியிருக்கும். ஜெல்கோட்டில், அதாவது வெளிப்பூச்சில், ஊசிமுனைத் துளைகள் இருக்கும். மெழுகைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும், அதற்குப் பிறகு எடுப்பது பெரும்பாடு. முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், அடுத்து கிரீஸ் ரிமூவர், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள்.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் எடுத்த 3டி பிரின்ட் கண்ணாடிப் பளபளப்புக்கு மிகவும் ஏற்றது, கெட்டியானது, வளையாது. ஆனால் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். வேகமாக மெஷின் தேய்ப்பு, ஹேர் டிரையரால் காயவைப்பது, வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பது என்று எதுவும் அதற்கு ஆகாது.

மெத்தென்று வளையும் இவிஏ ஃபோம்தான் சிக்கலான பொருள். அதற்குத் தனி வழி வேண்டும், பின்னால் வருகிறது.

வாங்க வேண்டியவை

ஹெல்மெட், மார்பு, முதுகு, இரண்டு தோள்பட்டைகள் என்ற அளவுக்குக் கணக்கு இது. இரண்டு பாகப் பாலியெஸ்டர் பட்டி ஒரு கிலோ, அதன் ஹார்டனர் டியூபுடன். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி சின்ன டின் ஒன்று. 2கே (ஹார்டனர் கலந்து இறுகும் இரண்டு பாக வகை) பியூ பிரைமர் சர்ஃபேசர் அரை லிட்டர். நிறத்துக்கு பேஸ் கோட் அரை லிட்டர், 2கே கிளியர் அரை லிட்டர், அந்தந்தப் பெயின்ட்டுக்கு உரிய ஹார்டனரும் தின்னரும். இவற்றை ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குங்கள். தின்னர் விலையில் மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் பல கவசங்கள் சுருங்கிப்போகின்றன.

உப்புத்தாள் 120, 180, 320. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 400, 600, 800, 1000, 1500, 2000, 3000; ஒவ்வொன்றிலும் நான்கைந்து தாள். கட் காம்பவுண்டும் ஃபினிஷிங் பாலிஷும் சின்ன டப்பா ஒவ்வொன்று. டேக் கிளாத் (தூசியை ஒட்டி எடுக்கும் துணி), பஞ்சு உதிராத துணி, நைட்ரைல் கையுறை, ஃபைன்லைன் டேப். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். விலை அதிகமில்லை, காப்பாற்றும் வேலையோ அதிகம்.

பெயின்ட்டுக்கு முன்பே முடிக்க வேண்டியவை

வார் கோக்கத் துளை, காந்தம் பதிக்கும் குழி, பக்கிள் வைக்கும் இடம் எல்லாவற்றையும் இப்போதே செய்துவிடுங்கள். எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை உடம்பில் மாட்டி, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். எந்தத் துண்டு எதன்மேல் உரசுகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். உரசும் ஓரத்தில் 2, 3 மி.மீ. இடைவெளி வரும்படி வெட்டி விடுங்கள். பெயின்ட்டுக்கும் பட்டிக்கும் ஓரத்தில் தடிமன் உண்டு. வெறும் பிளாஸ்டிக்கில் சரியாகப் பொருந்திய மூட்டு, பெயின்ட்டுக்குப் பிறகு இறுகிக் கடிக்கும்.

தேய்ப்பும் பட்டியும்

பிரின்ட்டை 120 உப்புத்தாளில் தொடங்குங்கள். வரிகள் ஓடும் திசைக்குக் குறுக்காக, சாய்வாகத் தேயுங்கள். தாளை விரலால் அழுத்தித் தேய்க்கவே கூடாது. விரலின் கீழே அழுத்தம் கூடும், இடையே குறையும். கடைசியில் பரப்பில் வாய்க்கால் விழுந்திருக்கும். தட்டையான இடத்துக்கு மரக்கட்டை, வளைவுக்கு 10 மி.மீ. ஃபோம் துண்டு, உள்வளைவுக்கு அரை இஞ்ச் பிவிசி குழாய். தாளை இவற்றில் சுற்றிக்கொண்டு தேயுங்கள். வரி முழுவதும் மறையும்வரை பிளாஸ்டிக்கையே அரைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மேடுகள் அடங்கினால் போதும், மிச்சத்தைப் பட்டி பார்த்துக்கொள்ளும்.

பாலியெஸ்டர் பட்டி 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம். 35 டிகிரி வெயில் நாளில் இந்த அளவிலேயே நான்கைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும், ஆகையால் ஒரு தடவைக்கு எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் கலக்காதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இரண்டு கேடு. பட்டி நொறுங்கும், மிஞ்சிய பெராக்சைடு வாரக்கணக்கில் மேலே கசிந்து, வெள்ளை பெயின்ட்டில் மஞ்சள் கறையாக எழும். ஹார்டனர் குறைந்தால் பட்டி பிசுபிசுப்பாகவே இருந்துவிடும், அதை வழித்தெடுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. கலவையில் ஒரே நிறம் வரும்வரை, கோடு தெரியாதவரை, தட்டில் அழுத்தித் தேய்த்துக் கலக்குங்கள். சுழற்றிக் கிளறினால் காற்றுக்குமிழி ஏறும். அதுவே பிறகு துளையாகும்.

மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஒரு மி.மீ.க்கு மேல் போகாமல் இழுத்து விடுங்கள். அரை மணி நேரம் கழித்து 180இல் தேய்த்தால், மேடு இருந்த இடங்களில் பிளாஸ்டிக் நிறம் தெரியும், பள்ளங்களில் பட்டி தங்கியிருக்கும். பெரும்பாலான ஹெல்மெட்டுகளுக்கு இப்படி இரண்டு சுற்று தேவைப்படும். இரண்டாவது சுற்றில் 320 வரை போய்விடுங்கள்.

என்சி பட்டியை ஊசித்துளைக்கும் கீறலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது கரைப்பான் ஆவியாகிக் காயும் பட்டி, காயக் காயச் சுருங்கும். ஆழமான பள்ளத்தை அதால் நிரப்பினால் அன்றைக்கு மட்டமாகத்தான் இருக்கும். கிளியர் அடித்து ஒரு மாதம் போனதும் அந்த இடம் உள்வாங்கி, பளபளப்பின் நடுவே குழி தெரியும்.

பிரைமரும் கைடு கோட்டும்

தூசியை ஊதி, கிரீஸ் ரிமூவரால் துடைத்து, காயவிடுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம். 2கே பிரைமர் அடிக்கும் முன் பின்னால் வரும் ஐசோசயனேட் எச்சரிக்கையைப் படித்துவிடுங்கள். அதன் கலவை விகிதம் டப்பாவில் இருக்கும். நான்கு பங்கு பிரைமருக்கு ஒரு பங்கு ஹார்டனர், பதம் பார்த்துக் கொஞ்சம் தின்னர் என்பது பரவலான அளவு. 1.6 அல்லது 1.8 மி.மீ. நாசில். மூன்று கை அடியுங்கள், ஒவ்வொரு கைக்கும் இடையே பத்து நிமிடம். ஸ்ப்ரே டப்பாவில் வரும் ஃபில்லர் பிரைமரும் ஆகும், ஆனால் அதை ஓர் இரவு முழுக்கக் காயவிட்ட பிறகே தேய்க்க வேண்டும். மேலே காய்ந்தது போல் இருக்கும், அடியில் கரைப்பான் தங்கியிருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் உப்புத்தாளில் உருண்டை உருண்டையாகச் சேரும்.

அடுத்தது கைடு கோட். பலரும் தாண்டிப்போகும் படி இது, இதைச் செய்பவர் கவசம் தனியாகத் தெரியும். கறுப்பு ஸ்ப்ரேயை 40, 50 செ.மீ. தள்ளிப் பிடித்து, சாம்பல் பிரைமரின் மேல் பொடித் தூவல்போல் மெலிதாக விழவிடுங்கள். காய்ந்ததும் 400 வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தேயுங்கள். மேட்டில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் கறுப்பு தங்கும். கீறல் இருந்தால் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். கறுப்பு தங்கிய இடத்தை மட்டும் துரத்திப் போய்த் தேய்க்காதீர்கள், அது பள்ளத்தை அகலமாக்கும். சுற்றுப்புறத்தையும் சேர்த்துத் தேயுங்கள். பிரைமர் உரிந்து அடிப்பொருள் தெரிந்தும் கறுப்பு போகாவிட்டால், அங்கே பட்டி வைத்து மறுபடி பிரைமர். கறுப்பு துளியும் மிஞ்சாமல் போனதும் 600இல் ஒரு சுற்று. மெட்டாலிக் நிறம் என்றால் 800 வரை.

180இல் தேய்த்துவிட்டு நேராக நிறத்துக்குத் தாவினால் என்ன ஆகும்? பேஸ் கோட்டின் கரைப்பான் பிரைமருக்குள் இறங்கி, கீறலின் இரு கரையையும் உப்பவைக்கும். கிளியர் அடித்து நாள் போனதும் கீறல்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். கிளியர் டப்பாவைத் திட்டிப் பயனில்லை.

ஃபோம் கவசத்துக்கு வேறு கணக்கு

இவிஏ ஃபோம் வளையும், அமுங்கும். மேலே கெட்டியான பளபளப்புப் படலம் வைத்தால், ஃபோம் வளையும்போது படலம் வெடிக்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கவசத்தை இரண்டாகப் பிரியுங்கள்: வளையவே கூடாத தட்டுகள், வளைந்தே ஆக வேண்டிய பகுதிகள்.

மார்பு, தோள், முழங்கால் மூடி போன்றவற்றை வளையாதபடி ஆக்கிவிடலாம். கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தியுள்ள 10 மி.மீ. ஃபோமில் செய்து, உள்பக்கம் ஒரு அடுக்கு கிளாஸ் துணியை எபாக்ஸியால் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் ஹீட் கன்னால் சூடு காட்டினால் துவாரங்கள் மூடி லேசான மினுக்கம் வரும். அதன்மேல் எபாக்ஸியை மெலிதாக இரண்டு கை தடவுங்கள். எபாக்ஸி காய்ந்ததும் மேலே மெழுகுபோல் ஒரு படிவு வரக்கூடும். அதன்மேல் பிரைமர் ஒட்டாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, 180இல் தேய்த்த பிறகு பிரின்ட் ஹெல்மெட்டுக்குச் சொன்ன பிரைமர் வழியையே பின்பற்றலாம்.

வயிறு, முன்கை, தொடை சுற்றும் துண்டுகள் வளைந்தாக வேண்டும். இவற்றுக்குப் பாலியெஸ்டர் பட்டியும் எபாக்ஸியும் கூடவே கூடாது. ஃபோமுக்கென்றே விற்கும் வளையும் சீலரை, ஒரு கை காய்ந்த பின் அடுத்த கை என்று ஐந்தாறு முறை மெலிதாகத் தடவுங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசையில் பாதியளவு தண்ணீர் கலந்து தடவுபவர்களும் உண்டு. செலவு குறைவு, ஆனால் ஈரம் பட்டால் இளகும். வியர்வை நனைக்கும் உள்விளிம்பில் உரிந்து வரும். ரப்பர் ஸ்ப்ரே நன்றாக வளையும், ஆனால் உப்புத்தாள் போட்டால் பிசின்போல் சுருளும். மட்டமாக்க முடியாத பரப்பில் கண்ணாடிப் பளபளப்புக்கு வழியில்லை.

இந்தத் துண்டுகளுக்கு 2கே கிளியரில் ஃபிளெக்ஸ் அடிட்டிவ் கலக்க வேண்டும். கார் பம்பருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இதைத்தான் சேர்க்கிறார்கள். அளவு அந்தந்த டப்பாவில் உள்ளபடி. பளபளப்பு ஒரு மாற்று குறையும், வெடிப்பு வராது. வளையும் துண்டுகளைக் கறுப்பு மேட்டாகவே விட்டு, தட்டுகளை மட்டும் மின்னவைப்பது இன்னும் நல்ல முடிவு. மின்னும் தட்டுக்குப் பக்கத்தில் மேட் கறுப்பு இருந்தால் தட்டின் பளபளப்பு எடுப்பாகத் தெரியும்.

நிறம்

சிவப்பும் மஞ்சளும் அடியை மறைக்கும் சக்தி குறைந்த நிறங்கள். சாம்பல் பிரைமரின் மேல் சிவப்பை எத்தனை கை அடித்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ ஒரு கை கொடுத்துவிட்டு அடித்தால் இரண்டு மூன்று கையில் நிறம் நிற்கும். பேஸ் கோட் காய்ந்ததும் பளபளப்பில்லாமல் தெரியும். பயந்துபோய்த் தடிமனாக அடித்துவிட வேண்டாம். நிறம் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது.

வெறும் வெள்ளைக் கவசத்துக்கு பேஸ், கிளியர் என்று பிரிக்காமல், தானே மின்னும் ஒரே அடுக்கு 2கே வெள்ளையை அடிக்கலாம். கிளியர் மஞ்சளடிக்குமோ என்ற கவலை இல்லை, தேய்த்துப் பாலிஷும் போடலாம்.

ரோபோ கவசங்களில் எல்லோரும் ஆசைப்படுவது கேண்டி சிவப்பு. அடியில் வெள்ளி மெட்டாலிக், மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு. வெளிச்சம் உள்ளே போய் வெள்ளித் துகளில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். கேண்டி ஒவ்வொரு கை ஏறும்போதும் நிறம் கறுக்கும். ஆகவே ஹெல்மெட்டை இன்றைக்கும் தோளை அடுத்த வாரமும் அடித்தால் இரண்டும் ஒரே சிவப்பாக வராது. எல்லாத் துண்டுகளையும் ஸ்டாண்டில் வரிசையாக நிறுத்தி, அதே கலவை, அதே தூரம், அதே எண்ணிக்கையில் ஒரே நாளில் அடியுங்கள். முன்னதாக ஒரு வேண்டாத துண்டில் மூன்று, நான்கு, ஐந்து கை என்று பட்டை பட்டையாக அடித்து, எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முந்தைய இழுப்பின் முக்கால் பங்கை மூடும்படி அடுத்த இழுப்பு போகட்டும்; பாதி மட்டும் மூடினால் புலிக்கோடு விழும். காது ஓரம், தாடைக் குழி போன்ற இடங்களில் இரண்டு பக்கத்துத் தூவலும் சேர்ந்து கறுத்துவிடும். அங்கே கன்னைச் சீக்கிரமாக நகர்த்துங்கள். வெள்ளிப் படலத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்த இடத்தில் துகள் கலைந்து சாம்பல் திட்டு தெரியும். தூசி விழுந்தால் காயவிட்டு, அந்தப் புள்ளியை மட்டும் 1500இல் மெல்ல எடுத்து, மறுபடி வெள்ளி.

குரோம் பெயின்ட்டுக்கு அடிப்பரப்பு கறுப்பாக, முழுப் பளபளப்பாக இருக்க வேண்டும். அதன்மேல் சாதாரண கிளியர் அடித்த நொடியில் குரோம் மங்கி வெறும் வெள்ளி பெயின்ட் ஆகிவிடும்.

கிளியர் அடிக்கும் நாள்

ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். லேக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயின்ட்) வகைகள் பால்போல் வெளுத்துப்போகும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் விடியற்காலையும் மழை நாளும் வேண்டவே வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்பு, நிழலில் அடியுங்கள். கம்ப்ரஸர் குழாயில் காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் கட்டாயம். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழாது. மின்விசிறி கூடாது.

உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது நுண்துளியாக நுரையீரலுக்குள் போய், ஆயுளுக்கும் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அடுத்த முறை மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிஜ் மாஸ்க் தீர்ந்துபோனாலும் தெரியாது, ஏனென்றால் ஐசோசயனேட்டின் வாசம் மூக்குக்கு எட்டுவதில்லை. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடியும் எக்ஸாஸ்ட் உள்ள பூத்தும்தான் சரியான ஏற்பாடு. அது இல்லாத வீட்டில், மொட்டை மாடியில், அபார்ட்மென்ட் பால்கனியில் 2கே அடிக்காதீர்கள். ஸ்ப்ரே டப்பா ஃபில்லர் பிரைமரையும் நிறத்தையும் நீங்கள் முடித்து, 2கே வேலைக்கு மட்டும் துண்டுகளைப் பூத் உள்ள கார் பெயின்ட் பட்டறையில் கொடுங்கள். 2கே பிரைமருக்கும், ஒரே அடுக்கு 2கே வெள்ளைக்கும், அடியில் பொத்தானை அழுத்தி ஹார்டனரை உடைக்கும் 2கே ஸ்ப்ரே டப்பாவுக்கும் இதே எச்சரிக்கைதான்.

வீட்டிலேயே முடிக்க வேண்டும் என்றால் 1கே, அதாவது ஹார்டனர் கலக்காத, அக்ரிலிக் கிளியர். இதற்கும் கேட்ரிஜ் மாஸ்க், திறந்த காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. மெலிதாக நான்கைந்து கை அடித்து, தேய்ப்பதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் காயவிடுங்கள். பளபளப்பு வரும், பெட்ரோல், சானிடைசர் பட்டால் இளகும்.

பேஸ் கோட் அடித்து 24 மணி நேரத்துக்குள் கிளியர் ஏற வேண்டும், இல்லையென்றால் பிடிப்பு குறையும். டேக் கிளாத்தால் அழுத்தாமல் ஒருமுறை துடையுங்கள். 1.3 மி.மீ. நாசில், கன்னின் வாயிலில் 2 பார் அழுத்தம், 15 முதல் 20 செ.மீ. தூரம். ஹெல்மெட்டுக்குச் சின்ன மினி கன் வசதி. வீட்டு கம்ப்ரஸரின் காற்றும் அதற்குத் தாக்குப்பிடிக்கும். முதல் கை நடுத்தர ஈரமாக. பத்து நிமிடம் கழித்து, மறைவான இடத்தில் விரல் வைத்தால் ஒட்டி நூல் இழுக்காத பதத்தில், இரண்டாவது கை நல்ல ஈரமாக. தேய்த்துப் பாலிஷ் போடப் போகிறீர்கள் என்றால் மூன்றாவது கையும் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஓரங்களை முதலில் அடித்துவிட்டுப் பிறகு நடுப்பகுதிக்கு வாருங்கள். கன்னைத் துண்டுக்கு வெளியே தொடங்கி வெளியே நிறுத்துங்கள். துண்டின் மேலேயே டிரிகரை விட்டால் அங்கே வழிசல் நிச்சயம்.

வாட்டர் பேப்பரும் பாலிஷும்

2கே என்றால் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் தேய்ப்பது சுலபம். வாரம் தாண்டினால் கிளியர் கல்லாகிவிடும்.

முதலில் எல்லா விளிம்புகளிலும் கூரிய மடிப்புகளிலும் மெல்லிய டேப் ஒட்டுங்கள். அங்கே கிளியர் எப்போதும் மெலிந்துதான் நிற்கும், நான்கு இழுப்பில் நிறம் வந்துவிடும். 1500 தாளைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மென்மையான ரப்பர் பிளாக்கில் சுற்றி, ஒரே திசையில் தேயுங்கள். அவ்வப்போது ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துப் பாருங்கள். மங்கிய பரப்பின் நடுவே மின்னும் புள்ளிகள் தெரியும். அவை ஆரஞ்சு பீலின் (ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகக் காய்ந்த கிளியரின்) பள்ளங்கள். எல்லாப் புள்ளியும் மறைந்து ஒரே மங்கலாக ஆனதும் நிறுத்துங்கள். தண்ணீரில் வெள்ளைப் பால் வருவது கிளியர். நிறம் கலந்து வந்தால் அந்த நொடியே கையை எடுங்கள். பிறகு 2000, முந்தைய கோடுகளுக்குக் குறுக்காக, அடுத்து 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய தண்ணீரில் தங்கிய ஒரு 1500 மணல், 3000 வேலையின் நடுவே நீளக் கீறல் போடும். ஆரஞ்சு பீல் மிக மோசமாக இருந்தால் மட்டும் 1000இல் தொடங்குங்கள்.

டேப்பை எடுத்துவிட்டு, மூன்று இஞ்ச் ஃபோம் பேடில் பட்டாணி அளவு கட் காம்பவுண்ட் மூன்று சொட்டு. மெஷின் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று. ஒரு கையகல இடம் மட்டும் எடுத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை ஓட்டி, துடைத்துப் பாருங்கள். பிஎல்ஏ ஹெல்மெட்டில் அடிக்கடி புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். விளிம்பிலும் குழியிலும் மெஷின் வேண்டாம், மைக்ரோஃபைபர் துணியால் கையாலேயே தேயுங்கள். கடைசியில் புதிய பேடில் ஃபினிஷிங் பாலிஷ். மெழுகு போடுவதானால் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள், உள்ளே மிஞ்சிய கரைப்பான் வெளியேற வழி வேண்டும்.

கெட்டுப்போனால்

வட்ட வட்டமாகக் குழி விழுந்து பெயின்ட் விலகி ஓடினால், அது மீன்கண். சிலிக்கான் அல்லது எண்ணெய் பட்டிருக்கிறது. டயர் பாலிஷ், செயின் ஸ்ப்ரே, தலைக்குத் தடவும் சீரம் எல்லாவற்றிலும் சிலிக்கான் இருக்கலாம். மேலும் மேலும் அடித்து மூட முடியாது. காயவிட்டு, தேய்த்து, கிரீஸ் ரிமூவரால் இரண்டு துணி முறையில் துடையுங்கள், ஒன்று நனைக்க, மற்றது உடனே எடுக்க.

பெயின்ட் தோல்போல் சுருங்கி எழுந்தால் எனாமலின் மேல் லேக்கரோ 2கேயோ போயிருக்கிறது. அடியிலிருந்த எனாமல் முழுக்க வெளியேற வேண்டும், குறுக்குவழி இல்லை.

ஊசிமுனைக் கொப்புளங்கள் வந்தால் கை தடிமனாகப் போயிருக்கிறது, அல்லது இடைவெளி விடவில்லை. மேல்படலம் மூடிய பிறகு அடியில் சிக்கிய கரைப்பான் துளைத்துக்கொண்டு வந்ததன் தடம் அது. முழுக்கக் காய்ந்ததும் துளை மறையும்வரை 800இல் தேய்த்து மீண்டும் கிளியர்.

வழிசலை ஈரத்தில் தொடாதீர்கள். இரண்டு நாள் கழித்து, சுற்றிலும் டேப் ஒட்டி, கூரான பிளேடை நிமிர்த்திப் பிடித்து மேட்டை மட்டும் சுரண்டி, 1500இல் சமமாக்குங்கள்.

திறந்து வைத்த ஹார்டனர் டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும். உள்ளே கலங்கலாகவோ கட்டியாகவோ இருந்தால் விலையைப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள், கிளியர் காயாமல் பிசுபிசுக்கும். ஈரம் புகுந்த டப்பாவுக்குள் வாயு சேர்ந்து மூடி உப்பும், திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதும் கட்டி எடுத்துப்போவதும்

கிளியர் முழு வலுவடைய ஒரு வாரமாவது வேண்டும். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கிளியர் அடிக்கும் திட்டம் வேண்டாம். துண்டும் துண்டும் உரசும் உள்விளிம்புகளில் ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் பெயின்ட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. மூடும்போதெல்லாம் அது கீறும்.

புதுப் பெயின்ட்டை பபிள் ரேப்பில் சுற்றினால் குமிழ்களின் வட்டம் பளபளப்பின் மேல் அச்சாகப் பதியும், வெயிலில் இன்னும் மோசம். பழைய பருத்தி வேட்டியோ ஃபிளானல் துணியோ சுற்றி, அதற்கு வெளியே பபிள் ரேப் போடுங்கள். கையோடு ஒரு சின்ன புட்டியில் மிச்ச பேஸ் கோட், மெல்லிய தூரிகை, மைக்ரோஃபைபர் துணி, கொஞ்சம் ஃபினிஷிங் பாலிஷ் வைத்துக்கொள்ளுங்கள். சில்லுப் போன இடத்தில் தூரிகையால் புள்ளி வைத்து மறைத்தால் அன்றைய நாள் ஓடிவிடும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ளியின் மேல் கிளியர் சொட்டு வைத்து, காய்ந்தபின் 2000, 3000 தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம்.